பொய் சொன்ன ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமை என்றால் பொய் சொல்லும் நாளாக இருந்தது. காலை டிபன் முடிந்து நான் பாத்திரம் கழுவி வைப்பதற்குள், நரைத்துப்போன இரண்டு ஆண்கள் வந்து போர்ட்டிகோவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே வாய் கூசாமல் பொய் சொல்லுவார்கள். நானும் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே என் பங்குக்கு ஒன்றை அவிழ்த்து விடுவேன். எல்லாப் பொய்யும் ஒரே பொருளைப் பற்றித்தான். சுவரோரமாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிற அவருடைய பழைய புல்லட்.

இது ஏன் என்று புரிய வேண்டுமானால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல வேண்டும். கிண்டியில் ஒரு கம்பெனியில், செய்து முடித்த இரும்புச் சாமான்களை அளந்து பார்த்து, மயிரிழை கூடக் குறைய இருந்தால் தூக்கி ஒதுக்குகிற வேலை அவருக்கு. அந்த வேலையைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். வீட்டுக்கும் கொண்டு வந்தார். போனில் என் அக்காவிடம், போன செவ்வாய்க்கிழமை தி.நகர் போனோம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பாத்ரூமிலிருந்து தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே குரல் வரும். "புதன்." என்றைக்குப் போனால் என்ன, உப்புப் பெறாத விஷயம். ஆனால் மனுஷனுக்கு அதைத் திருத்தாவிட்டால் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில் அழுதிருக்கிறேன். அப்புறம் பதிலுக்குக் கத்தக் கற்றுக்கொண்டேன். எங்கள் சண்டை முடிச்சூரில் எங்கள் தெருவுக்கே தெரியும்.

வண்டி என்று வந்துவிட்டால் இந்தக் குணம் இரண்டு மடங்கு. அதற்கு ஜோடியாக இரண்டு பேர் வேறு வாய்த்தார்கள். ஒருவர் பம்மலில் லேத் பட்டறை வைத்திருக்கிற பாய். அவரிடமும் ஒரு புல்லட். இன்னொருவர் இரும்புலியூர் சார், பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். அவருடையது டூ ஸ்ட்ரோக் வண்டி. புகையைக் கக்கிக்கொண்டு வரும், அதற்காகவே மற்ற இரண்டு பேரும் அவரை ஓட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டுப் பக்கம் போய் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். மிச்சப் பொழுதெல்லாம் பாய் பட்டறையில் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கிடப்பார்கள். ஹாண்டில்பாரை மாற்றுவார்கள், சீட்டை வெட்டிக் குறுக்குவார்கள், அடுத்த மாதமே அந்தப் பழைய சீட்டைப் போல ஒன்று வேண்டும் என்று பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்கு அலைவார்கள். வெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் வாசற்படி ஏறியபோது இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புல்லட்டைக் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றினார்கள். என் ஃபிரிட்ஜ் கூடத்தில் மிதந்தது.

ஆனால் அந்த வண்டியில் எனக்கென்றும் ஒரு இடம் உண்டு. நான் கட்டை. கல்யாணமாகி வந்த புதிதில் புல்லட் பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தால் என் கால் எதிலும் எட்டாமல் தொங்கும். ஒரு நாள் பெருங்களத்தூரில் என் செருப்பு கழன்று விழுந்துவிட்டது. நான் முதுகில் தட்டுகிறேன், கத்துகிறேன், சைலன்சர் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. வண்டலூரில்தான் நிறுத்தினார். ஒற்றைச் செருப்போடு ரோட்டில் நின்று நான் போட்ட சத்தத்தை அவர் மறக்கவே இல்லை.

அடுத்த வாரம் நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் என் தையல் மெஷினின் மிதிப்படியைக் காணோம். மெஷினுக்கு மோட்டார் மாட்டிய பிறகு அது சும்மாதான் கிடந்தது, அதற்காக என்னைக் கேட்காமல் எடுப்பதா? சாக்கில் கட்டிப் பம்மலுக்குக் கொண்டுபோய், பாதியாக அறுத்து, வண்டியின் இடது பக்கத்தில் என் கால் வைக்கிற உயரத்துக்கு மாட்டியிருந்தார். பூப்பூவாக ஓட்டை போட்ட வார்ப்பிரும்பு. வெல்டு அடித்துவிடு என்று இவர் சொல்ல, பாய் மறுத்திருக்கிறார். வார்ப்பிரும்பில் வெல்டு நிற்காது, ஒரு பள்ளத்தில் இறங்கினால் கழன்றுகொள்ளும். அதனால் இவரே லேத்தில் நின்று கிளாம்ப் கடைந்து, போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார். அன்றைக்கு நான் மெஷினுக்காகச் சண்டை போட்டேன். மறுநாள் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகும்போது ஏறி உட்கார்ந்து பாதத்தை வைத்தால், அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. எவ்வளவோ முறை ஹாண்டில்பார் மாறியது, டேங்க் கலர் மாறியது. அந்த மிதிப்படியை மட்டும் யாரும் தொடவில்லை.

சரி, பொய்க்கு வருகிறேன். அவர் ரிடையர் ஆன பிறகு ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிர் பிழைத்தார். கொஞ்ச நாளில் கம்பு ஊன்றி நடக்கவும் செய்தார். பேச்சுதான் போய்விட்டது. நாம் பேசுவது புரியும், பதில் மனசுக்குள் இருக்கும், வாய்க்கு வராது என்று டாக்டர் சொன்னார். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சின்னப் பெண் வீட்டுக்கு வந்தாள். படம் போட்ட அட்டையைக் காட்டி, "அங்கிள், இது என்ன?" என்பாள். மாடு, குடை, வாழைப்பழம். இவர் அவமானத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்பது போல அவரைக் கேட்டால் எப்படிப் பேசுவார்?

வீடு அடங்கிப்போனது. நான் வேண்டுமென்றே கிழமையை மாற்றிச் சொல்வேன், பாத்ரூமிலிருந்து சத்தம் வராது. எத்தனையோ வருஷம் இந்த மனுஷன் கொஞ்ச நேரம் வாயை மூட மாட்டாரா என்று ஏங்கியவள் நான். இப்போது சாமியிடம் ஒன்றுதான் கேட்டேன். அவர் பழையபடி என்னோடு சண்டை போட வேண்டும். நடக்கக்கூட வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம், நான் சொல்வது தப்பு என்று ஒரு தரம் சொன்னால் போதும்.

பாயும் சாரும் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. வண்டியின் தார்ப்பாயை விலக்கி, துடைத்து, பாய் ஒரு தரம் உதைத்து ஸ்டார்ட் பண்ணுவார். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அப்புறம் இருவரும் பழைய கதைகளைப் பேசுவார்கள். முதலில் உண்மையைத்தான் பேசினார்கள்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அடுப்படியில் பால் வைத்திருந்தேன். சார், தான் முதன்முதலில் இந்தப் புல்லட்டை ஓட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இவன் சாவியைக் குடுத்தான். நான் ஏறி உக்காந்து, இடது காலால கியரைப் போட்டு..." என்று ஆரம்பித்தார். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டிகளுக்கு நேர் எதிர். சாருக்கு அவருடைய வண்டி ஞாபகத்தில் வாய் தவறிவிட்டது.

நாற்காலிக் கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. "இல்ல."

கரகரவென்று, தொண்டையில் எதையோ உடைத்துக்கொண்டு வந்தது அந்தக் குரல். நான் ஓடி வந்தேன். அவர் முகம் சிவந்து, இடது கையால் வலது முழங்காலைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "இல்ல. இல்ல." உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, நான் அணைக்கப் போகவில்லை.

பாய்க்குத்தான் முதலில் விளங்கியது. "சார், நீ தப்பா சொன்னதுக்குத்தான் மச்சான் வாய தொறந்துகிறாரு. இன்னொண்ணு தப்பா சொல்லு."

"எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது பாய்."

"வாத்தியாருக்கு வராதா இன்னா? சரி, நான் சொல்றேன். மச்சான், வாலாஜாபாத்தாண்ட உன் வண்டில பிரேக் வயர் அறுந்துச்சே, அன்னிக்கி..."

அறுந்தது கிளட்ச் வயர். கிளட்ச் இல்லாமலே வாலாஜாபாத்திலிருந்து தாம்பரம் வரைக்கும் ஓட்டி வந்தது அவருடைய வாழ்நாள் சாதனை, வீட்டுக்கு வருகிற விருந்தாளி எல்லோரும் கேட்டுச் சலித்த கதை. அவர் தலையை ஆட்டினார். உதடு கோணியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கி..." என்றார். "கி..." பாய் ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்றைக்கு முழு வார்த்தை வரவில்லை. ஆனால் மதியம் அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்க்க வேண்டும்.

இப்படித்தான் அது ஒரு வழக்கமாக ஆனது. சனிக்கிழமை சாயங்காலம் பாயும் சாரும் போனில் பேசி, நாளைக்கு என்ன பொய் என்று முடிவு செய்வார்கள். என்னையும் கேட்பார்கள். அதிலும் ஒரு பக்குவம் இருந்தது. பெரிய பொய் எடுபடாது. புல்லட்டில் இமயமலைக்குப் போனோம் என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். சின்னப் பொய்தான் அவரைக் குடையும். பச்சை டேங்கை மெரூன் என்று சொல்ல வேண்டும். ஏலகிரியில் மழை பெய்தது போகும்போதா வரும்போதா என்பதை மாற்ற வேண்டும். முன்சக்கர நட்டுக்கு எந்த நம்பர் ஸ்பானர் என்பதில் ஒன்று கூட்டிச் சொன்னால் உடம்பே துடிக்கும். பயிற்சிப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் பட அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இதையே பண்ணுங்க ஆன்ட்டி" என்றாள்.

"இல்ல"வுக்குப் பின்னால் "பச்ச" வந்தது. "கிளட்ச்" வந்தது. ஒரு நாள் பாய் வண்டியை ஸ்டார்ட் பண்ணியபோது கையைத் தூக்கி, "ஸ்லோ... ஜாஸ்தி" என்றார். ஸ்லோ என்றால் நிற்கிற வண்டியில் இன்ஜின் ஓடுகிற வேகம். பாய் உட்கார்ந்து திருகாணியைத் திருப்பிச் சத்தத்தைக் குறைக்க, போதும் என்று தலையசைத்தார். வெள்ளக் கதையைச் சார் எடுத்து, "அன்னிக்கு நாம முதல்ல ஃபிரிட்ஜைத்தான் மேல ஏத்தினோம்" என்றபோது, இவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, "இல்ல. ஃபிரிட்ஜ்... போச்சு" என்றார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மிதிப்படிக் கதையைப் பாய்தான் கடைசிக்கு வைத்திருந்தார். "தங்கச்சி மெஷின் பெடலை நான் வெல்டு அடிச்சிக் குடுத்தேன், ஞாபகம் கீதுல்ல மச்சான்?" இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரே மூச்சில், தெளிவாகச் சொன்னார். "வெல்டு இல்ல. கிளாம்ப்." பிறகு என் காலைப் பார்த்தார். என் பாதம் இருந்த இடத்தை அவர் கண் அளந்தது எனக்குத் தெரிந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாங்கள் அவரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் இருவரும் கிளம்பிப் போன பிறகு, நான் அவருக்கு மாத்திரை கொடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம்... பொய்" என்றார். வாசலைக் காட்டிச் சிரித்தார். தெரிந்தேதான் ஒவ்வொரு வாரமும் முகம் சிவக்க உட்கார்ந்து திருத்தியிருக்கிறார். என்ன மனுஷன் பாருங்கள், பொய் என்று தெரிந்தும் அவரால் அதைச் சும்மா விட முடியவில்லை. அன்றைக்கு எனக்கு நம்பிக்கை முழுசாக வந்துவிட்டது. பொங்கலுக்குள் என்னோடு சண்டை போட ஆரம்பித்துவிடுவார் என்று அக்காவிடம் போனில் சொன்னேன். என்ன கிழமை என்றும் சேர்த்துச் சரியாகச் சொன்னேன்.

மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் மறுபடியும் வந்தது. இந்த முறை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வாய் கோணவில்லை, கீழே விழவில்லை. ஒரு காலையில் எழுந்தபோது கொஞ்சம் மந்தமாக இருந்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டே வருகின்றன, வெளியே தெரியாமல் நடக்கும், இனி மெல்ல மெல்லத்தான் என்றார். மெல்ல மெல்ல என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதன் பிறகு அவர் சாந்தமாகிவிட்டார். சாம்பாரில் உப்புப் போட மறந்தாலும் சாப்பிட்டார். சட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டாலும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "எவ்வளவு கோபக்கார மனுஷன், இப்ப பசு மாதிரி ஆயிட்டாரு, உனக்கும் நிம்மதிதானே" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர்கள் கையிலிருந்த காபியைப் பிடுங்கிக் கொட்டியிருப்பேன். எனக்கு எதற்கு இந்த நிம்மதி?

பாய்க்கும் சாருக்கும் நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சொன்னாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூன்று பேருக்கும் மனசுக்குள் ஒரு ஆசை இருந்தது. முதல் தடவை திறந்த கதவு மறுபடி திறக்காதா என்றுதான். பாய் தார்ப்பாயை எடுத்தார். உதைத்தார், வண்டி பிடித்தது. வேண்டுமென்றே ஓட்டத்தைக் கூட்டி வைத்தார். தடதடவென்று போர்ட்டிகோவே அதிர்ந்தது. இவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பாய் அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"மச்சான், டேங்கு மெரூன் கலருதானே?"

"ஆமா."

சார் குனிந்து, "வாலாஜாபாத்துல அறுந்தது பிரேக் வயர்தானேப்பா?" என்றார்.

"ஆமா."

பேச்சு தடங்கலில்லாமல் வந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பாயின் குரல் உயர்ந்தது. "தோ பாரு மச்சான். அந்த மிதிப்படி கீதே, அத்த நான் வெல்டு அடிச்சேன். கிளாம்பே போடல. அதுவும் தங்கச்சிக்கோசரம் இல்ல, எங்க வூட்டுக்காரிக்கோசரம் பண்ணது. நீ சும்மா பாத்துகினு நின்ன. இல்லைன்னு சொல்லு பாப்போம். சொல்லு மச்சான்."

இவர் பாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பது போல மரியாதையாகச் சிரித்தார். "ஆமா" என்றார்.

பாய் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. "போதும் பாய், உக்காருங்க" என்று நான் சொன்னேன். நான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அவரைத் திருத்தியதில்லை, திருத்துகிற அளவுக்கு அவர் தப்பாக எதுவும் சொன்னதில்லை. "இல்லங்க" என்றேன். "டேங்க் பச்சை. அறுந்தது கிளட்ச் வயர். மிதிப்படி என் மெஷினோடது, எனக்காகப் பண்ணினீங்க. வெல்டு இல்ல, கிளாம்ப். நீங்களே கடைஞ்சது."

அவர் கவனமாகக் கேட்டார். நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஆமா" என்றார். மற்றதற்கெல்லாம் சொன்ன அதே ஆமா.

அவர் இப்போதும் இருக்கிறார். காலையில் போர்ட்டிகோ நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் மதியம் வரை அப்படியே இருப்பார். பாயும் சாரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார்கள். வண்டியைத் துடைக்கிறார்கள், ஸ்டார்ட் பண்ணி ஓட்டத்தை அவருக்குப் பிடித்த அளவில் வைக்கிறார்கள். பழைய கதைகளைப் பேசுகிறார்கள். பொய் சொல்வதை விட்டுவிட்டார்கள். டேங்க் கலர், வயரின் பெயர், ஸ்பானர் நம்பர், ஏலகிரி மழை எல்லாவற்றையும் ஒன்றுகூடப் பிசகாமல் சொல்கிறார்கள், ஒருவர் தடுமாறினால் மற்றவர் எடுத்துக் கொடுக்கிறார். தப்பாகச் சொன்னால் திருத்த இனி ஆள் இல்லை.